வெள்ளியைப் பார்க்க வந்தார், சோழிக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார்: பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தியின் கதை

ஜூலை மாசம் ராத்திரி 9 மணிவாக்கில் ராமேஸ்வரம் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்க. சிவப்பா ஒரு நட்சத்திரம் மினுங்கும். அதுதான் கேட்டை. அதுக்குப் பக்கத்திலேயே மூணு நட்சத்திரம் வரிசையா நிற்கும். அது அனுஷம். கிரேக்கர்கள் இந்த மொத்தக் கூட்டத்தையும் ஒரு தேளாகப் பார்த்தார்கள். நம் பஞ்சாங்கத்திலும் அது விருச்சிகம், அதாவது தேள்.

ஆனா பழந்தமிழ்ல அனுஷத்துக்கு இன்னொரு பெயர் இருந்தது: முடப்பனை. வளைந்து நிற்கிற பனை மரம். புறநானூற்றின் 229-வது பாட்டில், கூடலூர் கிழார் ஒரு நள்ளிரவு வானத்தை விவரிக்கும்போது இந்தப் பெயர் வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பனை இல்லாத ஊர் எது? கடல்காற்றில் வளைந்து நிற்கிற பனையைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, அந்த நட்சத்திர வரிசை பனையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

நட்சத்திரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்கு நடுவில் கோடு இழுப்பது மனுஷன். அப்போ யார் இழுத்த கோடு நிலைச்சது, யாருடையது அழிஞ்சது?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தருவது ஒரு வெளிநாட்டுக்காரரின் வாழ்க்கை. அவர் பெயர் கியோம் லெ ஜான்தி. உலகத்திலேயே அதிர்ஷ்டம் கெட்ட வானியலாளர் என்று இவரைப் பற்றி நிறைய வீடியோக்கள் இருக்கு. அந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகிற பாதி, பாண்டிச்சேரியில் நடந்த தமிழ்ப் பாதி.

யார் இந்த லெ ஜான்தி?

1725 செப்டம்பர் 12-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியில், கூத்தான்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியார் ஆகலாம் என்று பாரிஸுக்குப் படிக்கப் போனார். அங்கே டெலில் என்ற வானியல் பேராசிரியரின் வகுப்பைக் கேட்டதும் மனசு வானத்துக்குத் திரும்பிவிட்டது. காசினி குடும்பம் நடத்திய பாரிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார்.

வேலையில் கெட்டிக்காரர். 1749-ல் ஆண்ட்ரோமிடா விண்மீன் கூட்டத்தின் பக்கத்தில் மங்கலான ஒரு சின்ன ஒளித்திட்டைக் கண்டுபிடித்தார். இன்று எம்32 என்று அழைக்கப்படும் குட்டி கேலக்ஸி அது. 1753-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. அப்போது வயது 28-கூட ஆகவில்லை.

பாண்டிச்சேரிக்கு ஏன் வந்தார்?

சூரியனுக்கும் பூமிக்கும் எவ்வளவு தூரம்? 18-ம் நூற்றாண்டில் வானியலின் மிகப் பெரிய கேள்வி இதுதான். அதைக் கண்டுபிடிக்க எட்மண்ட் ஹாலி ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளி கிரகம் சில சமயம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியாக நகர்ந்து போகும். இதுதான் வெள்ளிக் கடப்பு. பூமியின் வெவ்வேறு மூலைகளில் நின்று அது தொடங்கும், முடியும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால், அந்த நேர வித்தியாசத்தை வைத்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம்.

சிக்கல் என்னன்னா, இந்தக் கடப்பு எப்பவாவதுதான் வரும். எட்டு வருஷ இடைவெளியில் ரெண்டு தடவை வரும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல காத்திருக்கணும். 1761-ல் ஒண்ணு, 1769-ல் ஒண்ணு. அதை விட்டா 1874. நம் காலத்தில் 2004-லும் 2012-லும் வந்தது. அடுத்தது 2117-ல்.

அகாடமி ஆளுக்கு ஒரு திசையில் வானியலாளர்களை அனுப்பியது. பாங்ரே என்பவர் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரொட்ரீக் தீவுக்குப் போனார். லெ ஜான்திக்குக் கிடைத்தது பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரான பாண்டிச்சேரி. 1760 மார்ச் 26-ல் கப்பல் ஏறினார்.

முதல் தோல்வி: நடுக்கடலில்

அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் மொரீஷியஸ் வந்து சேர்ந்த லெ ஜான்தி, மேற்கொண்டு போக மாதக்கணக்கில் கப்பல் கிடைக்காமல் தவித்தார். 1761 மார்ச்சில் ஒருவழியாக ஒரு போர்க்கப்பல் கிடைத்தது. பருவக்காற்று இழுத்தடித்து, மே மாத இறுதியில் மலபார் கடற்கரையின் மாஹே பக்கம் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. மாஹே பிரிட்டிஷ் கையில். பாண்டிச்சேரியும் ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. கப்பல் அப்படியே மொரீஷியஸுக்குத் திரும்பியது.

ஜூன் 6-ம் தேதி வானம் தெளிவாகத்தான் இருந்தது. வெள்ளி சூரியனைக் கடப்பதை லெ ஜான்தி கண்ணாலேயே பார்த்தார். ஆனா ஆடுகிற கப்பல் தளத்தில் ஊசல் கடிகாரம் வேலை செய்யாது. கப்பல் சரியாக எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதும் தெரியாது. நேரமும் இடமும் துல்லியமாக இல்லாத பதிவு அந்தக் கணக்குக்கு உதவாது.

வேற யாராவது இருந்தா ஊருக்குத் திரும்பியிருப்பாங்க. அவர் எட்டு வருஷம் இங்கேயே இருந்து அடுத்த கடப்பைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். மடகாஸ்கர் கரையையும் சுற்றியுள்ள தீவுகளையும் ஆராய்ந்தார். காற்று, கடல் நீரோட்டம், செடி கொடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். 1766-ல் மணிலா போனார். அங்கிருந்த ஸ்பானிஷ் ஆளுநர் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். அகாடமியும் பாண்டிச்சேரிக்குப் போவதே நல்லது என்றது. போர் முடிந்து, 1763 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி பாண்டிச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. 1768 மார்ச் 27-ல், ஊரை விட்டுக் கிளம்பி எட்டு வருஷம் கழித்து, லெ ஜான்தி பாண்டிச்சேரியில் கால் வைத்தார்.

ரெண்டாவது தோல்வி: ஒரே ஒரு மேகம்

பாண்டிச்சேரி அப்போது இடிபாடுகளின் ஊர். பிரிட்டிஷ் படை கோட்டையையும் கட்டடங்களையும் தகர்த்துவிட்டுப் போயிருந்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தோன், அந்தக் கோட்டையின் சிதைவுகள் மேலேயே லெ ஜான்திக்கு ஒரு வானாய்வகம் கட்டிக் கொடுத்தார். போரில் எதிரியாக இருந்த மெட்ராஸ் ஆங்கிலேயர்கள்கூட நல்ல டெலஸ்கோப் ஒன்றை இரவல் அனுப்பினார்கள்.

கடப்புக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருந்தது. அந்த இடைவெளியில் கோரமண்டலக் கரையின் வானம் அவரை மயக்கிவிட்டது. தை, மாசி மாத இரவுகளின் தெளிவைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்.

அந்த வியப்புக்குக் காரணம் இருக்கு. துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. பாரிஸில் அது தொடுவானத்திலிருந்து சுமார் 49 டிகிரி உயரத்தில் நிற்கும். பாண்டிச்சேரியில் 12 டிகிரி. ராமேஸ்வரத்தில் 9 டிகிரி சொச்சம்தான். வடக்கே துருவம் இறங்க இறங்க, தெற்கே புது நட்சத்திரங்கள் மேலே வரும். நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்லும் கனோபஸ் பாரிஸில் தெரியவே தெரியாது. தென் சிலுவையும் அப்படித்தான். நமக்கு ரெண்டுமே சாதாரணமா தெரியும்.

1769 மே மாதம் முழுக்க விடியற்காலைகள் நன்றாகவே இருந்தன. ஜூன் 3 இரவுகூட வானம் தெளிவு. மறுநாள் காலை சூரியன் உதிக்கும்போதே கடப்பு நடந்துகொண்டிருக்கும் என்பது கணக்கு. விடியும் நேரத்தில் காற்று எழுந்தது, மேகம் திரண்டது. சூரியன் இருந்த இடமே தெரியலை. கடப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி, நாள் முழுக்க நல்ல வெயில். அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்ற செய்தி பிற்பாடு வந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல அவரால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுத முடியவில்லை.

பெரும்பாலான கதைகள் இதுக்கு அப்புறம் நேரா பிரான்ஸுக்குப் போய்விடும். ஆனா பாண்டிச்சேரியில் இருந்த நாட்களில் அவர் இன்னொரு வேலையும் பார்த்தார். அதுதான் நமக்கு முக்கியம்.

சோழியில் ஒரு கிரகணம்

ஊரில் பஞ்சாங்கம் கணிக்கிற தமிழர்கள் கிரகணத்தை முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று லெ ஜான்தி கேள்விப்பட்டார். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒருவரிடம் பாடமே கேட்டார்.

அங்கே பார்த்தது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. பேனா இல்லை, காகிதம் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தி நகர்த்திக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் நடக்கும். தேவையான அட்டவணைகள் புத்தகத்தில் இல்லை. கணிப்பவரின் ஞாபகத்தில் இருந்தன. வாயில் ஒரு வாக்கியம் ஓடும், கை சோழியை நகர்த்தும். பாரிஸில் தாள் தாளாக எழுதிச் செய்கிற கணக்கு, இங்கே வேகமாக முடிந்துவிடும்.

அது என்ன வாக்கியம்? நம்ம ஊரில் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம் என்று சொல்கிறோமே, அந்த வாக்கியம்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்த எழுத்துகளைச் சேர்த்து அர்த்தம் தருகிற சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆக்கி மனப்பாடம் செய்துவிடுவார்கள். நிலாவுக்கு மட்டும் இப்படி 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒண்ணு. 248 நாளில் நிலாவின் வேக ஏற்ற இறக்கம் ஒன்பது சுற்று முடித்து, ஏறத்தாழ ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். அப்புறம் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். இன்றைய மொழியில் சொன்னா, டேட்டாபேஸ் மண்டைக்குள்ள, கால்குலேட்டர் தரையில.

சரி, விடை சரியா வந்ததா? லெ ஜான்தி ஒப்பிட்டுப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகமாகச் சொன்னது.

இதை வைத்துக்கொண்டு தமிழ் முறைதான் எப்பவுமே துல்லியம் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு போடுவதும் தப்பு. 1825-ல் பாண்டிச்சேரியில் இன்னொரு தமிழ்க் கணிதர் இதே மாதிரி சோழி வைத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்ட, ஜான் வாரன் என்பவர் அதைப் பதிவு செய்தார். அந்த முறை தொடக்க நேரத்தில் சில நிமிஷப் பிழை, முடிவு நேரத்தில் சுமார் 52 நிமிஷப் பிழை. வாக்கியங்கள் பல நூற்றாண்டுக்கு முந்தையவை. அவ்வப்போது வானத்தைப் பார்த்துத் திருத்தாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். லெ ஜான்திக்கும் இதுதான் குறையாகப் பட்டது. கணக்குப் போடுகிறார்கள், ஆனா அது ஏன் வேலை செய்கிறது என்று விளக்குவதில்லை என்று நினைத்தார். அந்தத் தமிழர்களின் திறமையை வியந்த அதே கையால் அவர்களைக் கொஞ்சம் மட்டம் தட்டியும் எழுதினார். அவர் காலத்து ஐரோப்பியரின் பார்வை அது.

நம் வானம், அவர் வானம்

கணக்கோடு சேர்த்து நட்சத்திரங்களின் பெயர்களையும் ராசிகளின் பெயர்களையும் லெ ஜான்தி கேட்டு எழுதிக்கொண்டார். ஐரோப்பிய வானமும் தமிழ் வானமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன?

ராசிகள் பன்னிரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாபிலோனில் உருவாகி, கிரேக்கர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தவை என்பதுதான் இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஆனா இங்கே வந்ததும் படங்கள் கொஞ்சம் மாறின. கிரேக்க மிதுனம் இரட்டைச் சகோதரர்கள், நம்முடையது ஆணும் பெண்ணுமான ஜோடி. கிரேக்க மகரம் பாதி ஆடு பாதி மீன், நம்முடையது கோயில் சிற்பங்களில் பார்க்கிற மகர விலங்கு. அங்கே ஒரு ஆள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவான், இங்கே பெரும்பாலும் குடம் மட்டும்தான்.

27 நட்சத்திரங்கள் கதையே வேறு. அவை நிலா தங்கிச் செல்லும் சத்திரங்கள் மாதிரி. நிலா ஒரு சுற்று வர 27 நாள் சொச்சம் ஆகிறது. அதனால் நாளுக்கு ஒரு வீடு. இங்கே நட்சத்திரம் என்றால் பல சமயம் ஒற்றை நட்சத்திரம் அல்ல, ஒரு சின்னக் கூட்டம். கார்த்திகைக்குப் பழைய தமிழில் அறுமீன் என்று பெயர். ரோகிணிக்குச் சகடு, அதாவது வண்டி. மிருகசீரிடம் மானின் தலை. அதே இடத்தில் கிரேக்கர்கள் ஓரியன் என்ற வேட்டைக்காரனைப் பார்த்தார்கள். நம் புராணத்தில் அவன் இடுப்புப் பட்டையின் மூணு நட்சத்திரம், மானைத் துளைத்த அம்பு. அங்கே வேட்டைக்காரன் நின்ற இடத்தில் இங்கே அடிபட்ட மான்.

சத்திரத்து விட்டத்தில் ஒரு ராசி மண்டலம்

இதே வருஷங்களில் தெற்கே இன்னொரு வெள்ளைக்காரரும் நம் ராசிகளைப் படமாக வரைந்துகொண்டார். அவர் ஜான் கால், கம்பெனியின் ராணுவப் பொறியாளர். லெ ஜான்தியின் கப்பலைத் திரும்பிப் போக வைத்த அந்தப் பாண்டிச்சேரி முற்றுகையில் பிரிட்டிஷ் தரப்பில் வேலை பார்த்தவரும் இவர்தான். 1764-ல் மதுரைக் கோட்டையில் மருதநாயகம் எனப்படும் யூசுப் கானை முற்றுகையிட்ட படையிலும் இருந்தார்.

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் படையோடு போகும் வழியில், உச்சி வெயிலுக்கு ஒரு சத்திரத்தில் படுத்திருக்கிறார். மல்லாந்து படுத்தபடி பார்த்தால், மேலே விதானத்தில் பன்னிரண்டு ராசிகளும் வரிசையாக இருக்கின்றன. பென்சிலை எடுத்து அப்படியே வரைந்துகொண்டார். மதுரை தெப்பக்குளத்தின் மைய மண்டபத்திலும் இதே மாதிரி பார்த்ததாகச் சொன்னார். அந்தப் படத்தை இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் மாஸ்கெலினுக்கு அனுப்ப, 1772-ல் ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சானது.

பாரிஸிலும் லண்டனிலும் ஒரே பரபரப்பு. இந்த ராசிகள் கிரேக்கத்திலிருந்து இந்தியா போனதா, இந்தியாவிலிருந்து கிரேக்கம் போனதா? பல வருஷம் ஓடிய விவாதம் அது. நம்ம பக்கத்தில் வழிப்போக்கர்கள் படுத்து எழும்பிய ஒரு சத்திரத்தின் கூரை, ஐரோப்பிய விஞ்ஞானிகளின் சாட்சிப் பொருளாகிவிட்டது.

செத்துப்போனவர் திரும்பி வந்தார்

1770 மார்ச்சில், வயிற்றுக்கடுப்பால் உடம்பு நொடிந்த நிலையில் லெ ஜான்தி பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பினார். வழியில் புயல் அடித்துக் கப்பல் மொரீஷியஸுக்கே திரும்பியது. பிறகு ஒரு ஸ்பானிஷ் கப்பலில் காதிஸ் துறைமுகம் வந்து, தரை வழியாகப் பிரான்ஸ் எல்லையைத் தாண்டியபோது தேதி 1771 அக்டோபர் 8. கிளம்பி 11 வருஷம், 6 மாதம், 13 நாள் ஆகியிருந்தது.

ஊரில் அவர் இறந்துவிட்டதாகவே செய்தி பரவியிருந்தது. வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் முயற்சியில் இருந்தார்கள். அகாடமியில் அவர் இடம் கைமாறிவிட்டது. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கவே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. பிறகு அகாடமியில் மறுபடி இடம் கிடைத்தது. கல்யாணம் ஆச்சு, ஒரு மகள் பிறந்தாள். பாரிஸ் வானாய்வகத்தில் குடியிருந்தபடி இந்தியப் பெருங்கடல் பயண நூலை எழுதினார். 1779-லும் 1781-லும் ரெண்டு பெரிய தொகுதிகளாக அது வெளிவந்தது.

கவனிக்க வேண்டியது, அவர் கடைசிக் காலத்தில் எதைத் தேடினார் என்பது. 1780-களில் அகாடமியில் அவர் கையில் எடுத்த விஷயம், ராசிகளின் பன்னிரண்டு உருவங்களும் எங்கிருந்து வந்தன என்பது. பாரிஸின் நோத்ருதாம் தேவாலய வாசலில் செதுக்கியிருக்கும் ராசிச் சின்னங்களைக்கூட நின்று ஆராய்ந்தார். தினமும் ஆயிரம் பேர் தாண்டிப் போகிற வாசல் அது. பாண்டிச்சேரியில் வேறொரு வானத்தைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, சொந்த ஊர்ச் சுவரில் இருக்கும் தேளும் துலாக்கோலும் கேள்விகளாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

திருவாரூரிலிருந்து கிடைத்த கணித அட்டவணைகளும் அவர் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை வைத்து பாய்யி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1787-ல் இந்திய வானியல் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். இந்திய வானியல் மிக மிகப் பழமையானது என்று அவர் வாதிட, லாப்லாஸ் போன்றவர்கள் மறுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, 1792 அக்டோபர் 22-ல் லெ ஜான்தி காலமானார்.

வானத்தில் பூனை வந்த கதை

லெ ஜான்தியின் பாரிஸ் சகாக்கள் அப்போது வானத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? பட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லகாய் என்பவர் 1750-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையில் உட்கார்ந்து தெற்கு வானத்தை அளந்தார். இடைவெளியாக இருந்த இடங்களில் 14 புது விண்மீன் கூட்டங்களை உருவாக்கினார். டெலஸ்கோப், மைக்ரோஸ்கோப், கடிகாரம், காற்று பம்ப் என்று அவர் மேஜையில் இருந்த சாமான்கள் எல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டன. லெ மோனியே என்பவர், பாங்ரேயின் ரொட்ரீக் பயணத்தின் நினைவாக 1776-ல் துலாம் ராசிக்குப் பக்கத்தில் ஒரு பறவையை வரைந்தார். பூனைப் பிரியரான லலாந்த் 1799-ல் ஒரு பூனையையே கொண்டுவந்தார்.

1922-ல் சர்வதேச வானியல் சங்கம் உட்கார்ந்து, இனி 88 கூட்டங்கள்தான் என்று பட்டியல் போட்டது. 1930-ல் அவற்றின் எல்லைகளும் கோடு போட்டு அச்சாகின. லகாயின் மைக்ரோஸ்கோப்பும் பம்ப்பும் உள்ளே. பூனையும் பறவையும் வெளியே. முடப்பனை அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

எந்தப் படம் நிலைத்தது என்பதை நட்சத்திரம் முடிவு செய்யவில்லை. யார் அச்சடித்த வரைபடத்தைக் கப்பல் ஓட்டியவர்கள் பயன்படுத்தினார்கள், யார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் முடிவு செய்தது. நிலாவின் தென்துருவத்துக்கு அருகே ஒரு பள்ளத்துக்கு லெ ஜான்தியின் பெயர் வைத்திருக்கிறார்கள். சோழி நகர்த்திக் கிரகணம் கணித்துக் காட்டிய அவருடைய தமிழ் வாத்தியாரின் பெயர் நம் பாடப் புத்தகத்தில்கூட இல்லை.

நமக்கு இதில் என்ன?

2010 ஜனவரி 15 வளையச் சூரிய கிரகணத்தின்போது, நல்லாத் தெரியும் இடங்களில் ஒன்று என்பதால் தனுஷ்கோடியில் கூட்டம் கூடியது. அன்றைக்கு எல்லாருக்கும் நேரம் விநாடி சுத்தமாகக் கம்ப்யூட்டர் கணக்கில் கிடைத்தது. கடலுக்குப் போகிறவர்கள் கையில் இப்போது ஜிபிஎஸ் இருக்கு. எல்லைத் தகராறு உள்ள இந்தக் கடலில் அது இல்லாமல் முடியாது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா ஜிபிஎஸ் வருவதற்கு முன்னாடி ராத்திரியில் நட்சத்திரம் பார்த்து வலை போட்டுத் திரும்பிய பெரியவர்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். எந்தக் கூட்டம் எந்த மாசம் எங்கே எழும், எது எழுந்தா விடியப்போகுது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர்களும் வாய்வழிச் சொத்துதான், அந்த 248 வாக்கியங்கள் மாதிரியே. எழுதி வைக்க ஆள் இருந்தால் நிலைக்கும். 1768-ல் அதைக் கேட்டு எழுத நார்மண்டியிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருந்தது. இப்போ ஒவ்வொரு வீட்டிலும் ரெக்கார்டர் உள்ள போன் இருக்கு. தாத்தா, அப்பாக்கிட்ட உட்கார்ந்து கேட்டு வைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை.

ராமேஸ்வரம் கரையில் எப்போ, எதைப் பார்க்கலாம்?

எல்லாமே இரவு 9 மணிவாக்கில், டெலஸ்கோப் தேவையில்லை. நிலா இல்லாத நாள் நல்லது.

டிசம்பர்: கிட்டத்தட்ட தலைக்கு மேலே கார்த்திகை, அதாவது அறுமீன். எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்க. ஆறுக்கு மேல தெரிந்தா கண்ணு சூப்பர்.

ஜனவரி கடைசி: உச்சியில் மூணு நட்சத்திரம் ஒரே கோட்டில். வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டையா, மானைத் துளைத்த அம்பா என்பது உங்க விருப்பம்.

பிப்ரவரி: தெற்கே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம். பாரிஸ்காரர்களால் ஊரில் இருந்தபடி பார்க்க முடியாதது.

மே நடுவில்: தெற்கே, கடலுக்குக் கொஞ்சம் மேலே தென் சிலுவை.

ஜூலை: தெற்கே சிவப்புக் கேட்டை, அதன் பக்கத்தில் அனுஷம். போனில் உள்ள ஸ்கை மேப் ஆப் அதை ஸ்கார்ப்பியஸ் என்று காட்டும். அதுவும் சரிதான். கூட இருக்கிற பிள்ளைங்ககிட்ட, இது முடப்பனை என்றும் ஒரு தடவை சொல்லுங்க.